செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள்

நம் ஊரில் புதிதாக வந்த தனியார் ஆஸ்பத்திரியின் திறப்பு விழாவை வாழ்த்தி ஒரு பதிவு போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “காலில் சர்க்கரைப் புண்ணுக்கு இவ்வளவு பெரிய ஆபரேஷன் தியேட்டர் வந்திருக்கிறது, சந்தோஷம். புண் வராமல் பார்த்துக்கொள்ள என்ன ஏற்பாடு?” அவ்வளவுதான். நேற்று ராத்திரி வரை வாங்கிய வசவுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஊருக்கு ஒரு நல்லது வந்தால் பொறுக்காதவன் என்று எழுதியவர் என்னோடு பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்.

அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது 2008இல் தெரிந்தது. 2019இல் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இடையில் 11 வருடம். மாதம் தவறாமல் டாக்டரிடம் போனார். ரத்தம் எடுப்பார்கள், மாத்திரையைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். அந்த 11 வருடத்தில் ஒருவர்கூட அவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. சர்க்கரையால் கால் மரத்துப்போனது அவருக்கே தெரியாது. ஒருநாள் செருப்புக்குள் சரளைக் கல் ஒன்று புகுந்திருக்கிறது. சந்தையிலிருந்து வீடு வரை அதை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார். வாசல் திண்ணையில் ரத்தத்தைப் பார்த்து அம்மாதான் அலறினாள்.

மரத்துப்போனதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் எதுவும் வேண்டாம். மோனோஃபிலமென்ட் என்று ஒரு நைலான் இழை இருக்கிறது, பார்க்கத் தூண்டில் நரம்பு மாதிரி. உள்ளங்காலில் சில இடங்களில் அது லேசாக வளையும் வரை அழுத்தி, “தெரியுதா?” என்று கேட்க வேண்டும். தெரியவில்லை என்றால் எம்.சி.ஆர். செருப்பு (மரத்துப்போன காலுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு), தினமும் ராத்திரி காலைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம். சில நிமிட வேலை. அதில் பெரிதாக பில் போட முடியாது. அதனால்தான் யாரும் செய்யவில்லை என்கிறேன்.

எங்களிடம் காப்பீடு இருந்தது. புண் சின்னதாக இருந்தபோது தினமும் டிரெஸ்ஸிங்குக்குப் போய்வந்த செலவு முழுக்க எங்கள் கைக்காசு. 24 மணி நேரமாவது அட்மிஷன் இருந்தால்தான் க்ளெய்ம் என்றார்கள். காலை எடுத்தபோது அதே காப்பீடு பெரும்பகுதியைக் கட்டியது. காலைக் காப்பாற்றப் பணம் இல்லை, எடுக்கப் பணம் உண்டு. இதைக் கேட்டால் நான் பொறாமைக்காரனா?

டாக்டர்களைத் திட்டுகிறாயா என்கிறார்கள். இல்லை. அன்றைக்கு அப்பா பிழைத்ததே ராத்திரி இரண்டு மணிக்கு ஓடிவந்த சர்ஜனால்தான். மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடி என்று சொல்கிறவனும் நான் இல்லை, தயவுசெய்து அந்த வீடியோக்களை இங்கே போடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் பணம் முதலீடு செய்தவர்கள் லாபம் பார்க்கத்தானே செய்வார்கள் என்றால், சரி, பார்க்கட்டும். சேவை என்று பேனர் வைக்க வேண்டாம்.

அரசு என்ன கிழித்தது என்று ஒருவர் கேட்கிறார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. சர்க்கரை உள்ளவர்களின் காலைக் காப்பாற்ற பாதம் பாதுகாப்போம் என்றும் ஒரு திட்டம் இருக்கிறது. குறைகள் இருக்கின்றன, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். மாத்திரைப் பையோடு வெயிலில் தெருத்தெருவாகப் போகிற அந்தப் பெண்களுக்கு இந்த ஊரில் எத்தனை பேர் வாழ்த்துப் பதிவு போட்டீர்கள்? நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொல்கிறது. அத்தனை பேருக்கும் தியேட்டர் கட்டுவீர்களா?

அப்புறம் அந்த இன்னொரு கமெண்ட். “உங்கப்பா வாயைக் கட்டியிருந்தா கால் போயிருக்காது.” ஆமாம், தீபாவளிக்கு ஜிலேபி சாப்பிட்டார். பேத்தி ஊட்டிவிட்டாள். அந்த கமெண்டுக்கு 42 லைக். அதில் மூன்று பேர் எங்கள் சொந்தக்காரர்கள், அப்பா காரியத்துக்கு வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போனவர்கள்.

போன மாதம் அம்மாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த நர்ஸ், “செருப்பைக் கழட்டிட்டு காலை இப்படி நீட்டுங்கம்மா, கண்ணை மூடிக்கோங்க” என்றார். இழை பட்ட ஒவ்வொரு இடத்துக்கும் அம்மா “ம், தெரியுது” என்றாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

அந்தக் கேள்வியை நீக்கிவிடு என்று இன்பாக்ஸில் கேட்கிறவர்களுக்கு: நீக்க மாட்டேன்.