ஆடுகிற பெண்ணின் சம்பளம் பற்றியும் பேசுங்கள்

ஆடையைக் களைந்து ஆடும் நடனம் பெண்ணுக்கு இழிவா, விடுதலையா என்ற கேள்வியோடு உங்கள் கட்டுரை நின்றுவிட்டது எனக்கு ஏமாற்றம். ஆடுகிறவரின் சம்பளம், பாதுகாப்பு பற்றி ஒரு வரிகூட இல்லையே!

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் லஸ்டி லேடி என்ற அத்தகைய நடன அரங்கில் ஆடிய பெண்கள் 1996–97இல் தொழிற்சங்கம் அமைத்தார்கள். ஒருபக்கமிருந்து மட்டுமே பார்க்கக்கூடிய கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வாடிக்கையாளர்கள் திருட்டுத்தனமாகப் படம்பிடித்தது அவர்களுடைய பெரிய முறைப்பாடு. கறுப்பினப் பெண்களுக்கு வேலைநேரம் ஒதுக்குவதில் பாகுபாடு என்ற புகாரும் இருந்தது. பிறகு 2003இல் அரங்கையே வாங்கிக் கூட்டுறவாக நடத்தினார்கள். ஐஸ்லாந்தோ 2010இல் இத்தகைய விடுதிகளைத் தடைசெய்தது, அதுவும் பெண்ணியத்தின் பெயரால்தான். நான் சங்கம் அமைத்தவர்கள் பக்கம்.

சரி, நிறம் பார்ப்பது அங்கே மட்டுமா? வெள்ளவத்தைக் கடைகளில் முகம் வெளுக்கும் கிரீம் வாங்கும் பிள்ளைகளைப் பாருங்கள். எந்த மேடையிலும் ஏறாத அவர்களையும், 'சிவந்த மணமகள் தேவை' என்று கேட்கும் நாங்கள் நிறம் பார்த்துத்தானே எடைபோடுகிறோம்?

இன்னொன்று. மது விற்கும் இடத்தில் பெண் வேலை செய்ய அனுமதி வேண்டும் என்ற இலங்கையின் 1979 விதியை அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர 2018 ஜனவரியில் நீக்கினார். சில நாட்களிலேயே அப்போதைய ஜனாதிபதி சிறிசேன அந்த நீக்கத்தை இரத்துச் செய்யச் சொன்னார். இந்த விதியைப் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்கிறார்கள். அனுமதியில்லாமல் கொழும்பு இரவு விடுதியில் வேலை செய்கிற பெண், சம்பளத்தை முதலாளி பிடித்துவைத்தால் எந்த வாசலில் போய் முறையிடுவாள்? அடுத்த கட்டுரையில் இதை எழுதுங்கள்.