பட்டாணி அளவுக் கருவி பார்க்கின்சனைக் குணப்படுத்தவில்லை

"பட்டாணி அளவுக் கருவி வந்துவிட்டது, கத்தியே படாமல் பார்க்கின்சன் குணமாகிறது" என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது தவறு. இதை நம்பி, இந்த நடுக்க நோய் உள்ள யாராவது மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்று பதைக்கிறது.

அவர் சொல்வது, அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வு. மூளையை மின்சாரத்தால் தூண்டும் கருவி அது; அகலம் 9 மில்லிமீட்டர். உள்ளே பேட்டரி கிடையாது. வெளியிலிருந்து வரும் காந்தப்புலத்தில் மெல்லிய படலத்தின் ஓர் அடுக்கு அதிர, அதோடு ஒட்டிய அடுக்கு அந்த அதிர்வை மின்னழுத்தமாக்குகிறது. அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் மனிதரிடம் நடந்தது என்ன? நோயாளி ஒருவரின் இயக்கப் புறணியை, அதாவது உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் மூளை மேற்பரப்பை, தற்காலிகமாகத் தூண்டினார்கள், கை அசைந்தது. அவ்வளவுதான். 30 நாள் சோதனை நடந்தது பன்றியில்.

கத்தியும் தேவைதான். கருவி மூளையைத் தொடாமல், அதை மூடியிருக்கும் உறைக்கு மேலே அமர்கிறது. அதற்கு மண்டையோட்டு எலும்பில் இடம் செய்ய வேண்டும்.

பார்க்கின்சனுக்கு இன்று செய்யப்படும் ஆழ்மூளைத் தூண்டல் வேறு. அதில் மின்முனை மூளையின் ஆழத்திலுள்ள சப்தாலமிக் நியூக்ளியஸ் போன்ற பகுதி வரை இறங்குகிறது. பேட்டரி நெஞ்சில், கம்பி கழுத்துத் தோலுக்கடியில். மேற்பரப்பைத் தூண்டும் கருவி அந்த இடத்தை நேரடியாக எட்டாது. ஆழ்மூளைத் தூண்டலும் நடுக்கத்தையும் விறைப்பையும் குறைக்குமே தவிர நோயைக் குணமாக்காது.

இன்னொன்று: இந்தக் குழுவினர் முதலில் குறிவைப்பது பார்க்கின்சனை அல்ல, மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வை.