விசில் சத்தத்துக்கெல்லாம் ரப்பர் காரணமல்ல

"கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது விசில் சத்தம் வந்தால் நான்கு கதவு ரப்பரையும் மாற்றுங்கள்" என்று சொல்லப்படும் யோசனை வீண் செலவுக்கு வழி. கோவையிலிருந்து கேரளா நோக்கிப் போகையில், வாளையாரைத் தாண்டியதும் பாலக்காட்டுக் கணவாயின் ஆடிக் காற்று எதிரே மோதும். அங்கே புது வண்டியும் இரையும். அதே வேகத்தில் கோவை நோக்கித் திரும்பி வந்து ஒப்பிடுங்கள்; சத்தம் குறைந்தால் காரணம் எதிர்க்காற்றுதான்.

பிறகும் சந்தேகமா? கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் அழுத்தம் போதவில்லை. பெரும்பாலும் கதவுச் சட்டத்தில் பூட்டு மாட்டும் வளையத்தைச் சற்று உள்ளே தள்ளி முடுக்கினாலே சரியாகிவிடும். காகிதம் எங்கும் இறுக்கமாக நின்றால், பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடியின் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஓட்டுங்கள்; சத்தம் நின்றால் அதுதான் காரணம். கூரைக் கேரியர் இருந்தால் (பலர் இதை மறந்தே போகிறார்கள்!) முதலில் அதைக் கழற்றுங்கள்.