வள்ளம் கட்டிய எங்கள் தாத்தா

மரவள்ளம் கட்டும் ஆசாரிகள் பாம்பன் பக்கம் அருகிவிட்டார்கள் என்று கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். எங்கள் தாத்தாவும் அந்த வேலைக்காரர்தான். பாம்பன், மண்டபம், தொண்டி என்று கூப்பிட்ட கரைக்கெல்லாம் மரம் செதுக்கும் வாய்ச்சியும் உளியும் எடுத்துக்கொண்டு போய் வள்ளம் கட்டிக் கொடுத்தவர்.

வரைபடம் எல்லாம் கிடையாது. அளவுக்கயிறும் கண்ணும்தான். வங்குகளுக்கு, அதாவது வள்ளத்துக்கு விலா எலும்பு மாதிரி உள்ளே நிற்கும் சட்டங்களுக்கு, இயற்கையிலேயே வளைந்த மரமாகத் தேடி எடுப்பார். நேர் மரத்தை வளைவாக அறுத்தால் நார் வெட்டுப்பட்டு அலையில் முறியும் என்பார். தண்ணீர் புகாமல் பலகை இடுக்கை அடைக்கும் கலப்பத்து வேலையை மட்டும் யாரிடமும் விடமாட்டார். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் தட்டி இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சியதைப் பூசுவார். அப்புறம் விரல் நுனியால் மூட்டு முழுக்கத் தடவிப் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் பஞ்சைப் பிடுங்கிவிட்டு மறுபடி முதலிலிருந்துதான்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதே, அதற்குப் பிறகு உடைந்த வள்ளத்தோடு வந்தவர்களிடம் அவர் கூலி கேட்கவே இல்லையாம். பாட்டி சொல்லித்தான் தெரியும். அப்படிப்பட்ட மனுஷன்.

ஃபைபர் படகு வந்ததை அவர் குறை சொன்னதில்லை. எடை குறைவு, கரையில் இழுக்க லேசு என்று அவரே சொல்வார். ஆனால் மரவள்ளம் தண்ணீரில் அழுந்தி உட்காரும், வலை இழுக்கும்போது ஆட்டம் தெரியாது என்பதையும் விடாமல் சொல்வார்.

ஒரு வேண்டுகோள். இந்த வேலை தெரிந்த பெரியவர்கள் சிலர் இன்னும் கரையோரத்தில் இருக்கிறார்கள். அடுத்த முறை வரும்போது அவர்கள் வேலை செய்வதை வீடியோ எடுத்துப் போடுங்கள். முக்கியமாகக் கலப்பத்து.