அலை இருக்கு, ஆளக் காணோம்

மே மாசம் பொறந்தா நாகர்கோவில் துணிக்கடையில தென்னையும் செம்பருத்திப் பூவும் போட்ட சட்டை தொங்க ஆரம்பிச்சிரும். எங்க அக்கா மகன் ஒண்ணு வாங்கிட்டு வந்து "சித்தி, இது சர்ஃபிங் ஸ்டைல்"னான். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா தென்னையும் செம்பருத்தியும் எங்க வீட்டு வேலியிலயே நிக்கு மக்கா, அது ஹவாய் வழியா சுத்தி வந்தாத்தான் ஸ்டைல்னு ஒத்துக்கிறோம்னா மனசு வலிக்கு.

பலகை மேல ஏறி அலையில வழுக்கி வெளையாடுற அந்த சர்ஃபிங்கக் குறை சொல்ல வரல. அந்த ஹவாய் சட்டையே 1930கள்ல ஹொனலுலு தையக்கடைகள்ல ஜப்பான் கிமோனோ துணிய வெட்டித் தைச்சுப் பேரு வாங்கினது. சர்ஃபிங் போறவங்க போடுற போர்டு ஷார்ட்ஸ் டவுசர்ல ஜிப்புக்குப் பதிலா கயிறு கட்டுறாங்க, பலகையில குப்புறப் படுக்கும்போது ஜிப் வயித்துல குத்தும் பலகையையும் கீறும், அதுக்குத்தான். குயிக்சில்வர், ரிப் கர்ல்ங்கிற சர்ஃபிங் கம்பெனி ரெண்டும் 1969ல ஆஸ்திரேலியாவுல டார்க்கேங்கிற சின்ன கடலோர ஊர்ல ஆரம்பிச்சது. அவங்க கடலுக்கு என்ன தேவையோ அத அவங்களே தைச்சாங்க, அத ஊரு உலகமெல்லாம் போடுது.

அக்கா மகங்கிட்ட இன்னொரு டீ-ஷர்ட் இருக்கு, ஜப்பான் ஓவியர் ஹொக்குசாயோட பெரிய அலை போட்டது. 1831 வாக்குல வந்த மரக்கட்டை அச்சுப் படம், இப்ப சர்ஃப் பலகை, சுவரு, பை எல்லாத்துலயும் பாக்கலாம். ஆனா மூலப்படத்த போன்ல பெருசாக்கிப் பாருங்க, அலைக்கு அடியில மூணு வள்ளம் இருக்கு, உள்ள ஆளுங்க குனிஞ்சு ஒட்டிக்கிட்டுக் கெடக்காங்க. அவன் டீ-ஷர்ட்ல அந்த வள்ளத்தையே எடுத்துட்டாங்க. அலை இருக்கு, ஆளக் காணோம்.

அப்ப எனக்கு எங்க அப்பா ஞாபகம்தான் வந்துச்சு. முட்டத்துல ஆனி ஆடி கடல் எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். ஆணியே இல்லாம கயித்தால வரிஞ்சு கட்டுன கட்டுமரம், இடுக்கு வழியா தண்ணி ஏறி எறங்கும், அதுல முட்டி போட்டு துடுப்பு போட்டு அலை ஒடியிற நேரம் பாத்து தாண்டுவாரு, திரும்பி வரும்போது அதே அலை மேல ஏறிக் கரைக்கு வருவாரு. கரைக்கு வந்ததும் கயித்த அவுத்து மரத்த தனித்தனியா வெயில்ல காயப் போடுவோம், நானும் இழுத்திருக்கேன், கை எல்லாம் உப்பா இருக்கும். இங்கிலீஷ்காரன் 'கட்டமரான்'ங்கிற வார்த்தைய நம்மகிட்ட இருந்துதான் எடுத்தான், ஆனா நம்ம மரத்தப் போட்ட ஒரு சட்டை நம்ம ஊர்க் கடையில கெடையாது.

வரையத் தெரிஞ்ச பிள்ளைங்க நம்ம கரையில எவ்வளவோ பேரு இருக்கு. முட்டத்து செம்மண்ணு, லைட்ஹவுஸ், காயப் போட்ட மரம், தலக்கெட்டோட ஒரு ஆளு, இதப் போட்டு யாராவது ஒரு சட்டை அடிங்க மக்கா. முதல்ல ரெண்டு எனக்கு, ஒண்ணு எங்க அப்பாவுக்கு.