சம்பளம் எவ்வளவுன்னு கேட்டீங்களா?

மூணு நாளா எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். இன்னைக்குக் காலையில எங்க தெரு வாட்ஸப் குரூப்லயும் அந்த வீடியோ வந்துடுச்சு. கிருஷ்ணகிரி பைபாஸ் ஓட்டல் வீடியோதான், எல்லாரும் பார்த்திருப்பீங்க. பில் கட்டிட்டு எழுந்திருக்கறவர்கிட்ட அந்த சப்ளையர் பையன் தன் செல்போன்ல க்யூஆர் கோடைக் காட்டி, "அண்ணா, ஏதாவது பாத்து போட்டு விடுங்கண்ணா"ங்கறான். அவ்வளவுதான் கேட்டான். அதுக்கு அவன் முகமும் சட்டையில குத்தின பேரும் தெரியற மாதிரி எடுத்து, "டிஜிட்டல் பிச்சை"ன்னு தலைப்பு வச்சு ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏத்தினாங்க. செவ்வாய்க்கிழமை அவனை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க.

வீடியோ எடுத்தவர்கிட்ட எனக்கு ஒரே கேள்வி. "உனக்கு சம்பளம் எவ்வளவு தம்பி"ன்னு கேட்டீங்களா? தன்மானம் பத்திப் பேசறீங்க, ஜப்பான்ல யாரும் டிப்ஸ் வாங்கறதில்லைன்னு பேசறீங்க, அமெரிக்கக் கலாசாரம் நம்ம ஊரைக் கெடுக்குதுன்னு சொல்றீங்க. இந்த ஒரு கேள்வி மட்டும் வாயில வரலை.

ஜப்பான்ல டிப்ஸ் வழக்கம் இல்லைங்கறது உண்மைதான். மேசையில காசு வச்சுட்டு வந்தா, மறந்துட்டுப் போறீங்கன்னு பின்னாலயே ஓடி வந்து கொடுப்பாங்க. பிரான்ஸ்லயும் விலைப்பட்டியல்ல போட்டிருக்கற விலையிலயே சர்வீஸுக்கான காசும் சேர்ந்திருக்கணும்னு சட்டம். அங்க பரிமாறறவங்க சம்பளத்தை நம்பி வாழறாங்க, அதனால யார் கையையும் பார்க்க வேண்டியதில்லை. நம்மாளுக்கு ரோஷம் கம்மின்னு நீங்க சொல்றீங்க. இல்லைங்க, சம்பளம் கம்மி.

அமெரிக்காவையும் நான் பார்த்திருக்கேன். 2017ல ப்ராஜெக்டுக்காக எட்டு மாசம் டல்லாஸ்ல இருந்தேன். முதல் வாரம் ஒரு ஓட்டல்ல 38 டாலர் பில்லுக்கு ரெண்டு டாலர் வச்சுட்டு எழுந்தேன். கூட வந்த ஆந்திரா நண்பர் என்னைக் கார்ல உட்கார வச்சுட்டு, திரும்பவும் உள்ள போய் அஞ்சு டாலர் வச்சுட்டு வந்தார். அப்புறம்தான் சொன்னார். அந்த நாட்டு மத்திய சட்டப்படி, டிப்ஸ் வாங்கற தொழிலாளிக்கு முதலாளி கையில இருந்து கொடுக்க வேண்டியது மணிக்கு 2.13 டாலர்தான். 1991ல வச்ச தொகை, இன்னைக்கு வரைக்கும் மாறலை. டிப்ஸும் சேர்ந்து 7.25 டாலர் வரலைன்னா மட்டும்தான் மிச்சத்தை முதலாளி போடணும். கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்கள்ல முழுக் கூலியும் கொடுத்தே ஆகணும். டல்லாஸ் இருக்கற டெக்சாஸ்ல அது இல்லை.

இந்த வழக்கம் அங்க வேர் பிடிச்ச கதையும் நல்ல கதை இல்லை. அடிமைத்தனம் ஒழிஞ்ச பிறகு ரயில்ல படுக்கைப் பெட்டிகள் நடத்தின புல்மன் கம்பெனி கறுப்பின மக்களை வேலைக்கு எடுத்து, சம்பளத்தைக் குறைச்சு வச்சு, மீதியைப் பயணிகள்கிட்ட வாங்கிப் பிழைச்சுக்கோன்னு விட்டுச்சு. அவங்க 1925ல சங்கம் வச்சாங்க. கம்பெனி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட 1937 ஆச்சு. அதனால கலாசாரம் கலாசாரம்னு சொல்லாதீங்க. அங்கயும் இங்கயும் இது முதலாளியோட கணக்கு.

நம்ம ஊர்ல இந்த வழக்கமே இல்லைன்னும் ஒருத்தர் எழுதியிருக்கார். "கொத்தனாருக்கு டிப்ஸ் கொடுக்கறோமா?"ன்னு கேட்கறார். ஏங்க, கிரகப்பிரவேசத்துல கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேட்டி துண்டு வச்சு, தாம்பாளத்துல பணம் வச்சுக் கொடுக்கறது நம்ம வீட்டுலதானே? தீபாவளி இனாம் வாங்க வர்ற தெரு கூட்டறவங்களுக்கு அது அமெரிக்காவுல இருந்தா வந்துச்சு?

எங்கப்பா தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு மெஸ்ஸுல 22 வருஷம் சப்ளையர். இதை நான் எங்கயும் மறைச்சதில்லை. இடது கையில முழங்கை வரைக்கும் நாலு தட்டு அடுக்கி, வலது கையில சாம்பார் வாளியோட வருவார். நகக்கண்ணுல மஞ்சள் போகவே போகாது. ராத்திரி பதினோரு மணிக்கு வந்து சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டுவார். அம்மா மேல் பாக்கெட்டுல கைவிட்டுச் சில்லறையை எடுத்து, சோம்பு ஒட்டியிருந்தா முந்தானையால துடைச்சுட்டு, ஒரு ரூபா தனியா, ரெண்டு ரூபா தனியா, அஞ்சு ரூபா தனியா அடுக்குவாங்க. சம்பளம் வாடகைக்கும் அட்வான்ஸ் பிடித்தத்துக்கும் போயிடும். என் நோட்டு, ஜியாமெட்ரி பாக்ஸ், ப்ளஸ் டூ பரீட்சை ஃபீஸ் எல்லாமே அந்த அஞ்சு ரூபா அடுக்குதான். அது பிச்சைன்னா, நான் பிச்சைக் காசுல படிச்சவன். இன்னைக்கு அவருக்கு ரெண்டு கால்லயும் நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்குது. பத்து நிமிஷம் சேர்ந்தாப்புல நிக்க முடியாது.

அந்தச் சில்லறை இப்ப இல்லை. அப்ப பில் தட்டுல சோம்போட மீதிக் காசு வரும், நாலு காசை விட்டுட்டுப் போவோம். இப்ப 438 ரூபா பில்லுக்குக் கல்லாவுல ஜிபே பண்ணி 438 கட்டறோம். கூட இருபது போட்டாலும் அது முதலாளி கணக்குக்குத்தான் போகும். அதனாலதான் அந்தப் பையன் போனை நீட்டினான். தட்டு இருந்திருந்தா வாயைத் திறந்திருக்கவே மாட்டான்.

"ஜிஎஸ்டி கட்டறோமே"ங்கறீங்க. அந்த 5 சதவீதம் அரசாங்கத்துக்குப் போறது. பரிமாறினவனுக்கு அதுல ஒரு பைசா இல்லை. சர்வீஸ் சார்ஜ் வேற. அதைத் தானா பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு 2022ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லுச்சு, 2025 மார்ச்ல தில்லி உயர் நீதிமன்றமும் அது சரின்னு சொல்லிடுச்சு. நானும் சரிங்கறேன். விருப்பம் இல்லைன்னா கொடுக்காதீங்க, யாரும் உங்க கையைப் பிடிக்கலை. "இல்லப்பா"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே.

"நாம டிப்ஸ் கொடுக்கக் கொடுக்கத்தான் முதலாளி சம்பளம் ஏத்த மாட்டேங்கறான்"னு ஒரு நண்பர் கேட்டிருந்தார். இதுல நியாயம் இருக்கு. டல்லாஸ்ல நான் பார்த்ததும் அதுதான். அப்போ முதலாளியைக் கேளுங்க. கல்லா முன்னாடி நின்னு "உங்க சப்ளையருக்கு என்ன சம்பளம்? வாரத்துல ஒரு நாள் லீவு உண்டா?"ன்னு கேட்டு, அதை வீடியோ எடுத்துப் போடுங்க. ஓட்டல் தொழிலாளிக்குன்னே 1958லயே தனிச்சட்டம் போட்ட மாநிலம் இது. வேலை நேரம், வார விடுமுறை எல்லாம் அதுல இருக்கு. அந்த வீடியோவை யாரும் எடுக்க மாட்டீங்க. முதலாளி முகத்துக்கு நேரா போனைத் தூக்கப் பயம். சப்ளையர் முகத்துக்கு நேரா தூக்கப் பயம் இல்லை.

எனக்கு இதைவிட வலிக்கிறது வேற. அந்தப் பையன் பேச்சைக் கேட்டீங்களா? பென்னாகரம் பக்கத்துப் பேச்சு. ஞாயித்துக்கிழமை ராத்திரி தருமபுரி பஸ் ஸ்டாண்டுல பெங்களூர் பஸ்ஸுக்குப் பையோட நிக்கிற கூட்டத்தைப் பாருங்க. பாதிப் பேர் ஓட்டலுக்கும் பேக்கரிக்கும் கட்டட வேலைக்கும் போற நம்ம பிள்ளைங்க. அங்க யாராவது அவங்களை இப்படி எடுத்துப் போட்டா, "தமிழனை அவமானப்படுத்திட்டான்"னு இதே ஆளுங்க நூறு கமெண்ட் போடுவாங்க. நம்ம ஊர் பைபாஸ்ல நம்ம ஊர்ப் பிள்ளைன்னா பார்த்துச் சிரிக்கிற பொம்மை.

நேத்து அந்த ஓட்டலுக்குப் போயிருந்தேன். பேச மாட்டேன்னுட்டாங்க. டேபிள் துடைக்கிற ஒரு தம்பிகிட்ட மட்டும் கேட்டேன். நாள் கூலி 450 ரூபாயாம், காலை ஆறு மணிக்கு வந்தா ராத்திரி எட்டு ஆகுமாம், லீவு போட்டா கூலி இல்லையாம். இந்தக் கணக்கைக் கேட்க எனக்கு அரை நிமிஷம்தான் ஆச்சு.

வீடியோவை ஷேர் பண்ணினவங்க தயவுசெஞ்சு எடுத்துடுங்க. அந்தப் பையனைத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, கமெண்ட்ல நம்பர் போடாதீங்க. தருமபுரியில எனக்குத் தெரிஞ்சவர் மெஸ் நடத்தறார், சப்ளையர் தேவைப்படுது. மாசச் சம்பளம், மூணு வேளை சாப்பாடு, புதன்கிழமை லீவு. லீவுக்குச் சம்பளம் பிடிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கார். அதை நான் ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன்.