ஆட்டம் இல்லாத ஊர்

முந்தாநாள் நான் போட்ட அவரைக்கொட்டைப் படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் இப்போது போய்த் தேட வேண்டாம். கிண்டல் செய்தவரே சில வரிகளை அழித்துவிட்டார். 'எங்கள் ஊர் இலையுதிர் காலம்: மழை, களி, பிதுக்கம்பருப்பு, ராத்திரிக்குத் தளபதி படம்' என்று எழுதியிருந்தேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம். அதற்குக் கனடாவில் இருக்கும் அண்ணன் ஒருவர் வந்து, 'தர்மபுரியில ஏதும்மா ஆட்டம் (autumn)? அங்கே வெயில், கடும் வெயில்னு ரெண்டே சீசன்தானே' என்றார். உடனே பதினோரு பேர் விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மையைப் போட்டார்கள். அதில் இருவர் என் சொந்தக்காரர்கள். பெயர் சொல்லவில்லை, தீபாவளிக்கு வீட்டுக்கு வருவார்கள்.

சரி, நிதானமாகவே பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கும் இடத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். இலையுதிர் காலம் என்று நான் எழுதியது தப்புதான். எங்கள் காட்டில் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். கனடாவில் பகல் குறுகிக் குளிர் நெருங்குவதால் மரம் இலையைக் கழற்றுகிறது. இங்கே மண்ணில் ஈரம் வற்றுவதால் கழற்றுகிறது. ஐப்பசியில் பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்தில் போனால் காடு பச்சைப் பசேலென்றுதான் நிற்கும். தப்பை ஒப்புக்கொண்டாயிற்று. ஆனால் சொல் தப்பு என்பதற்காகப் பருவமே கிடையாது என்றால் எப்படி? வருஷத்தை ஆறாகப் பிரித்து, ஐப்பசி கார்த்திகைக்குக் கூதிர் என்று பெயர் வைத்தவர்கள் மேப்பிள் மரத்தைப் பார்த்துவிட்டா வைத்தார்கள்? சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் கொட்டும் மழையில் இடையர்கள் கையில் கொள்ளியைப் பிடித்துக்கொண்டும் கன்னம் நடுங்க நிற்கிறார்களே, அவர்களிடம் போய் 'உங்களுக்கு ஏதுப்பா சீசன்' என்று கேட்பாரா அண்ணன்?

மஞ்சள் நிறம்தான் வேண்டும் என்றால் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ராயக்கோட்டைப் பக்கம் வாருங்கள். சாமந்தித் தோட்டங்களைப் பார்த்துவிட்டுப் பேசலாம். பூஜை முடிந்து விலை விழுந்ததும் ரோட்டோரம் கொட்டிக் கிடக்கும் பூவையும் பாருங்கள். அதுவும் இந்தப் பருவம்தான்.

அவரைக்கொட்டைக்கு வருகிறேன், சண்டையே அதில்தான் ஆரம்பித்தது. 'பீன்ஸை உரிச்சு சாப்பிடறதுக்கு இவ்வளவு பில்டப்பா' என்று ஒருவர் கேட்டிருந்தார். அது பீன்ஸ் இல்லை சார். ராகிக் கொல்லையில் ஊடுபயிராகப் போடும் அவரை. பனி விழ ஆரம்பித்தால்தான் காய்க்கு அந்த மணம் ஏறும். காயை உரிக்கும்போதே விரலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும், சோப்பு போட்டாலும் வாசனை போகாது. உரித்த கொட்டையைத் தண்ணீரில் ஊறப் போட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்து ஒரு அழுத்து. தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளி வெளியே போகும். பாதி பாத்திரத்தில் விழும், பாதி அடுப்படியில் உருண்டு போகும். ஒரு படி பிதுக்க ஒருத்தருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் அது தனியாகச் செய்கிற வேலையாக எங்கள் வீட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை. அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு ஆயா, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை எல்லாரும் தட்டைச் சுற்றி உட்கார வேண்டும். ஊர்க்கதை அத்தனையும் அந்தத் தட்டைச் சுற்றித்தான் நடக்கும். யார் வீட்டுப் பெண் யாரோடு பேசினாள் என்பது உட்பட. என் கல்யாணப் பேச்சே அங்கேதான் முதலில் எழுந்தது என்று அத்தை சொல்வார். அப்புறம் தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு, சூடாக ஒரு உருண்டை களி. வெளியே மழை. இதை ரசித்ததற்கு நான் யாரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்?

தளபதிக்கும் கிண்டல். 1991 தீபாவளிக்கு வந்த படம் அது, குணாவும் அதே நாளில்தான் வந்தது. எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு வரப் பல மாதம் ஆகி, அடுத்த ஐப்பசியே வந்துவிட்டது. கொட்டகைக்குள் மணல் ஈரமாக இருந்தது. கூரை ஒழுகியதால் அப்பா கோணிச்சாக்கை மடித்து என் தலையில் கவிழ்த்துவிட்டார். அந்தச் சாக்குக்குள்ளிருந்து பார்த்த படம் என்பதால், ஒவ்வொரு வருஷமும் முதல் அடைமழையன்று போட்டுப் பார்ப்பேன். அப்பா போன பிறகும் பார்க்கிறேன். படம் தொடங்குவதே போகியன்று, ஐப்பசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று அடுத்த கமெண்ட் வரும். வருமுன் நானே சொல்லிவிட்டேன்.

'மழை பெய்தால் விவசாயி படுகிற பாடு தெரியாமல் ரசனை பேசுகிறாய்' என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். இவருக்கு மட்டும் எனக்குக் கோபமில்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் என் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் ராகிக் கொல்லை உண்டு. கதிர் முற்றும் நேரம் பார்த்துக் கர்நாடகக் காட்டிலிருந்து யானைக்கூட்டம் இறங்கும். நாம் போர்வைக்குள் சுருண்டிருக்கிற இதே ராத்திரிகளில் அவர் பரண் மேல் டார்ச்சும் வெடியுமாக உட்கார்ந்திருப்பார். ஒரு வருஷம் அரை ஏக்கர் ஒரே இரவில் போயிற்று. மறுநாள் நாங்கள் போனபோது, மிதிபடாமல் மிஞ்சிய பிஞ்சுக் கதிரைப் பறித்து அனலில் வாட்டி, உள்ளங்கையில் கசக்கி ஊதி, வெல்லத்தோடு எங்கள் கையில் கொட்டினார். 'தின்னுங்க சாமி, அதுங்க தின்னது போக நமக்கு' என்றார். அவர் அதை ரசித்தாரா, மனசைத் தேற்றிக்கொண்டாரா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. தம்பிக்குச் சொல்ல என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் கேள்வி கேட்ட தம்பியின் பக்கத்தில் ஊட்டி மூடுபனியும் காபிக் கோப்பையுமாகப் பதினேழு படம் இருக்கிறது, அதையும் எண்ணிவிட்டேன்.

வேலை வெட்டி இல்லாதவர்களுக்குத்தான் இதெல்லாம் தோன்றும் என்றவருக்கு: காலை ஐந்தரைக்கு எழுகிறேன். போதுமா?

கனடா அண்ணன் வருஷா வருஷம் சிவந்த இலைக்கு நடுவே குடும்பத்தோடு நின்று படம் போடுகிறார். பூசணிக்காய் வாங்கினால் படம், பூசணிக்காயைக் குடைந்தால் படம். மூன்று வருஷமாக ஒவ்வொன்றுக்கும் நான் இதயம் போட்டிருக்கிறேன். 'அழகா இருக்குங்கண்ணா' என்று எழுதியிருக்கிறேன், பொய்யில்லை, அழகாகத்தான் இருந்தது. அவர் ஊர் இலைக்கு நான் இதயம் போடலாம், என் ஊர் அவரைக்கொட்டைக்கு அவர் சிரிப்புப் பொம்மை போடுவார். எங்கள் அப்பா கார்த்திகைக்குப் பனம்பூவைச் சுட்டு, கரியைப் பொடித்துத் துணியில் சுருட்டி, பனைமட்டை நடுவே வைத்துக் கட்டி மாவளி சுற்றுவார். பொறி விழுந்து என் பாவாடையில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதைப் படம் எடுத்துப் போட அன்றைக்குப் போன் இல்லை. இருந்திருந்தால் அதற்கும் ஒரு பொம்மை விழுந்திருக்கும்.

இவ்வளவும் எழுதிவிட்டு உண்மையைச் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது. ரெண்டு சீசன் கிண்டலுக்கு நான் இவ்வளவு நீளம் எழுதியிருக்க மாட்டேன். அவர் அழித்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். 'அந்த ஊர்க்காரங்க பல்லைப் பார்த்தாலே தெரியுமே ரசனை' என்று இருந்தது. பத்து நிமிஷம் இருந்தது. நான் பார்த்துவிட்டேன்.

எங்கள் பல்லில் பழுப்புக் கறை ஏன் என்று தெரியாதவர்களுக்கு: பாறைக்கடியிலிருந்து வரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கணக்கு. பல் உருவாகிற வயதில் அதைக் குடித்தால் கறை உள்ளேயே பதிந்துவிடும். தேய்த்தால் போகாது. நான் சாம்பல், உப்பு, எலுமிச்சை, செங்கல்பொடி எல்லாம் தேய்த்தவள். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் முதல் வாரமே 'நீ வெத்தலை போடுவியா' என்று கேட்டார்கள். மூன்று வருஷமும் கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சிரித்தேன். என் பட்டமளிப்புப் படத்தில் உதடு ஒட்டியிருக்கும். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது, எங்கள் தெருவுக்குக் காவிரி வந்தது. என் மகள் வாய் நிறையச் சிரிக்கிறாள். அவளுக்கு இந்தப் பதிவின் பாதி புரியாது, நல்லதுதான்.

அண்ணா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். மன்னிப்பெல்லாம் வேண்டாம், அழித்ததைத் திரும்பப் போடவும் வேண்டாம். அடுத்த இலைப் படத்துக்கு நான் இதயம் போடுவேனா என்று மட்டும் இப்போதைக்குச் சொல்ல முடியவில்லை.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அரைப்படி கொட்டை ஊறிக் கிடக்கிறது, அம்மா கூப்பிடுகிறார். முந்தாநாள் படத்தில் தெரிவதும் அம்மாவின் கைதான். எடுத்தது நான் என்பதால் என் பல் அதில் விழவில்லை. இன்றைக்குப் போனை மகளிடம் கொடுத்திருக்கிறேன்.